களத்தில் ஒரு மூத்தவர்



ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வீடு வந்து, மேல்துண்டை ஆணியில் மாட்டக்கூட இல்லை. திண்ணையில் ஒருவர் வந்து அமர்ந்துவிட்டார். தருமபுரியில் புளி வணிகம் செய்பவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடம் படித்தவர். அந்நாளில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். அன்றும் அதே முகத்தோடுதான் வந்திருந்தார்.

"ஐயா, நீங்களே நியாயம் சொல்லுங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளையை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, முப்பத்தேழு வயது ஆளைக் கூப்பிட்டு ஆடச் சொல்கிறார்களே, இது அடுக்குமா?"

செய்தி இதுதான். எங்கள் பங்கு இளைஞர்களுக்கு ஒரு கூடைப்பந்தாட்டக் குழு உண்டு. ஆலயத் திருவிழாவையொட்டிச் சுற்றுப்புறப் பங்குகளின் குழுக்களெல்லாம் கூடி ஆடுவது வழக்கம். இரண்டு ஆண்டுகளாகப் பந்தைக் கொண்டு செலுத்தும் பொறுப்பு இவருடைய மகனிடம் இருந்தது. இவ்வாண்டு மின்வாரியத்தில் பணிபுரியும் ஒருவர் வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி இங்கு வந்து சேர்ந்தார். கல்லூரி நாள்களில் பெயர் பெற்ற ஆட்டக்காரராம். நெற்றி ஏறி, இடுப்பும் சற்றுப் பெருத்துவிட்ட அந்த மனிதரை இளைஞர்கள் தேடிப் போய் அழைத்து வந்து, பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கூடைப்பந்தில் எனக்குள்ள அறிவு பெரிதன்று. ஆட்ட ஆசிரியர் விடுப்பில் சென்ற நாள்களில் ஊதல் ஊதியதோடு சரி. ஆயினும் ஓய்வு பெற்றபின் என் பேரப்பிள்ளைகளோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பார்த்துப் பார்த்து, இந்த ஆட்டத்தின்மீது ஒரு பற்று விழுந்துவிட்டது. புளி வணிகரிடம் அன்று சொன்னதையும், அவர் மனம் நோகுமே என்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இத்திங்கள் எழுதுகிறேன்.

முதலில், சண்டைக்குரிய அந்த இடம் எது என்று தாய்மார்களுக்கும் விளங்க வேண்டுமன்றோ? 1891-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்களை அறைக்குள்ளேயே ஆட வைப்பதற்காக, பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் அறைந்து இந்த ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். இன்று ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்த 24 நொடியில் யார் எங்கே ஓடுவது, யாருக்குப் பந்து போவது, எப்போது விரைவது, எப்போது ஆறப் போடுவது என்பதையெல்லாம் முடிவு செய்பவரைத்தான் 'பாயிண்ட் கார்டு' என்பார்கள். பெரும்பாலும் குழுவில் குள்ளமானவர் அவராகத்தான் இருப்பார். நம் கிராமத்துக் கலியாண வீடுகளில் தாமும் பந்தியில் உட்காராமல், கரண்டியும் பிடிக்காமல், எந்த இலைக்கு எது போகவில்லை என்று பார்த்துக்கொண்டே நிற்கும் ஒரு பெரியப்பா இருப்பாரே, அவரைப் போன்றவர்.

வயது ஏறினால் எல்லா இடத்துக்கும் கேடுதான். ஆனால் இந்த ஓர் இடத்துக்குக் கேடு சற்றுத் தாமதமாக வருகிறது. கால் போகிறது, எம்பும் உயரம் போகிறது, கண் மட்டும் நெடுநாள் நிற்கிறது. ஆகவேதான் உலகில் பல குழுக்கள் மூத்த பாயிண்ட் கார்டு ஒருவரைத் தேடிப் பிடிக்கின்றன. சில சமயம் மகுடம் சூடுகின்றன. சில சமயம் ஊர் சிரிக்கிறது.

தொலைவுக்குப் போகுமுன் நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் ஒரு குழு ஓர் ஆட்டக்காரரை அடைவதென்றால் பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்குவதன்று, வேலை கொடுப்பதுதான். ரயில்வேயும் வங்கிகளும் காவல்துறையும் விளையாட்டு வீரர்களுக்கென இடம் ஒதுக்கிப் பணியில் சேர்க்கின்றன. காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் பயிற்சி. இப்படித் தென்னக ரயில்வேயில் பணியாற்றியவர்தான் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 1985 ஜூன் திங்களில் பிறந்தவர். 'கார்டு' நிலையில் ஆடுபவர். பத்தொன்பதாம் வயதிலேயே இந்தியப் பெண்கள் குழுவின் தலைமை அவரைத் தேடி வந்தது. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிகளில் ஒன்பது முறை பங்குகொண்ட முதல் இந்தியப் பெண் அவரே.

திருமணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. நம் வீடுகளில் அத்தோடு கதை முடிந்தது என்றே கொள்வார்கள். பள்ளி நாள்களில் ஓட்டத்திலும் எறிபந்திலும் கோப்பை வாங்கிய எத்தனையோ பெண்களை நான் அறிவேன். அந்தக் கோப்பைகளில் இன்று பொத்தான்களும் ஊசிநூலும் கிடக்கின்றன. அனிதாவோ மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியப் பெண்கள் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தபோது, 32 வயதில், ஒரு குழந்தையின் தாயாக, இந்தியக் குழுவில் அவர் இருந்தார். தருமபுரியிலிருந்து சென்னையைவிடப் பெங்களூர்தானே நமக்குக் கிட்டம்? ஓசூர் வழியாகப் பேருந்து ஏறினால் 130 கிலோமீட்டரளவே. அத்தனை அருகில் நடந்ததை அன்று நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம் என்று கேட்டால் எனக்கே தலை குனிகிறது.

இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. இரண்டு புள்ளி என்பது ஒரே ஒரு கூடை. அந்த வெற்றியால் இந்தியப் பெண்கள் முதற்பிரிவுக்கு உயர்ந்தனர். 2021-இல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நான் எண்ணிப் பார்ப்பது வேறொன்று. நாட்டுக் குழுவில் பன்னிரண்டு இடந்தான். ஒரு தாய் திரும்பி வந்தாரென்றால், எங்கோ ஓர் ஊரில் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த ஆண்டு இடம் கிட்டவில்லை என்றுதான் பொருள். அவளுக்கும் ஒரு தந்தை இருந்திருப்பார். அவரும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணைக்குப் போயிருப்பார். இதை நான் புளி வணிகரிடம் சொன்னபோது அவர், "அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன்" என்றார். கணக்கில் கெட்டிக்காரர், பிடித்துக்கொண்டார்.

சரி, இனி அமெரிக்கக் கதைக்கு வருவோம். விலை கொடுத்து முதியவரை வாங்குவதில் உள்ள முழு இக்கட்டும் அங்கேதான் வெளிச்சமாகத் தெரிகிறது.

ஜேசன் கிட் என்பவர் 1973-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அலமீடா என்னுமிடத்தில் புனித சூசையப்பர் நோட்ரடேம் என்னும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். (சூசையப்பர் பெயரைக் கண்டதும் எனக்கு அவர்மேல் ஒரு தனிச் சலுகை ஏற்பட்டதை மறைப்பானேன்!) 1994-இல் டல்லஸ் மேவரிக்ஸ் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டரை ஆண்டுக்குள் பீனிக்ஸுக்கு அனுப்பிவிட்டது. அங்கிருந்து நியூ ஜெர்சி. 2002-இலும் 2003-இலும் நியூ ஜெர்சியை இறுதிப் போட்டிவரை கொண்டு சேர்த்தார். இரண்டு முறையும் தோல்வி. அவரிடம் ஒரு குறை மட்டும் ஊரறிந்தது. தூரத்திலிருந்து எம்பி எறிவது வராது. அந்த எறிதலை 'ஜம்ப் ஷாட்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து 'ஜே'. ஆகவே ஜேசனிடம் 'ஜே' இல்லை என்று சொல்லி, 'ஏசன்' என்று கேலி செய்தார்கள்.

2008 பிப்ரவரியில் டல்லஸ் அவரைத் திரும்ப வாங்கியது. அப்போது கிட்டுக்கு முப்பத்தைந்து நிறைய ஒரு மாதமே இருந்தது. கொடுத்த விலையைக் கேளுங்கள். டெவின் ஹாரிஸ் என்னும் இளம் பாயிண்ட் கார்டு. இன்னும் சில ஆட்டக்காரர்கள். 30 லட்சம் டாலர். அதற்குமேல், வருங்காலத்தில் புது இளைஞர்களை முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமை இரண்டு. அதாவது கையிலிருந்த பிள்ளையையும், இன்னும் வீட்டுக்கு வந்து சேராத பிள்ளைகளையும் சேர்த்துக் கொடுத்து ஒரு முதியவரை வாங்கினார்கள்.

அவ்வாண்டே முதல் சுற்றில் நியூ ஆர்லியன்ஸிடம் 4-1 என்று தோற்றார்கள். எதிரணியின் பாயிண்ட் கார்டு கிறிஸ் பால் என்னும் 22 வயது இளைஞர். கிட்டின் பக்கவாட்டில் அவர் காற்றாய்ப் புகுந்து புகுந்து போனார். டல்லஸின் பயிற்றுநர் ஆவரி ஜான்சன் வேலையிழந்தார். மறு ஆண்டு, டல்லஸ் தள்ளிவிட்ட டெவின் ஹாரிஸ், நியூ ஜெர்சிக்காக ஆட்டத்துக்குச் சராசரி 21.3 புள்ளி குவித்து, விண்மீன் ஆட்டக்காரர்களின் குழுவில் இடம் பெற்றார். எந்தத் தராசில் நிறுத்தாலும் டல்லஸ் ஏமாந்தது என்றுதான் 2009-இல் எவரும் சொல்லியிருப்பார். 2010-இலும் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள்.

இங்கே நிறுத்தியிருந்தால் புளி வணிகர் மகிழ்ந்து எழுந்து போயிருப்பார். நான் நிறுத்தவில்லை.

அந்த ஆண்டுகளில் கிட் என்ன செய்துகொண்டிருந்தார்? தமக்குக் கால் போய்க்கொண்டிருப்பதை அறிந்து, வேறு சரக்கைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எந்த எறிதலுக்காகக் கேலி செய்யப்பட்டாரோ அதையே கற்றார், அதுவும் முப்பது வயதுக்கு மேல். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவது அவருடைய கருவியாகிவிட்டது. ஓய்வு பெற்றபோது அவ்வாறு 1,988 கூடைகள் போட்டிருந்தார். அன்றைய நிலையில் அந்தப் பட்டியலில் அவருக்கு மூன்றாம் இடம். ஓட முடியாதவன் நிற்கும் இடத்தைத் திருத்திக்கொள்கிறான்.

கண் எப்படி நிற்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2010 பிப்ரவரி 26-ஆம் நாள் அட்லாண்டாவுடன் ஆட்டம். இறுதிக்கட்டம், நெருக்கடி. கிட் பந்தைத் தட்டிக்கொண்டு களத்தின் ஓரமாக வருகிறார். அட்லாண்டாவின் பயிற்றுநர் மைக் உட்சன் ஆர்வ மிகுதியால் ஓரக்கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் கால் வைத்து நிற்கிறார். பயிற்றுநர்கள் அப்படி நிற்பது அன்றாடம் நடப்பது, யாரும் பொருட்படுத்துவதில்லை. கிட் பார்த்தார். பந்தோடு நேரே போய் அவர்மீது மோதினார். களத்துக்குள் பயிற்றுநர் நின்று ஆட்டத்தைத் தடுத்தாரென நடுவர் ஊதினார். டல்லஸுக்குத் தனி எறிதல் கிடைத்தது. கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தை 111-103 என்று டல்லஸ் வென்றது. கிட் அன்று 19 புள்ளி எடுத்து, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளை 16 முறை கைப்பற்றி, 17 கூடைகளுக்கு வழி செய்து கொடுத்திருந்தார். வயது 36.

இது நேர்மையா, குறும்பா என்று என் பேரனுக்கும் எனக்கும் இன்றும் வழக்கு. விதி விதிதான் என்பது அவன் கட்சி. எனக்கு அந்தப் பயிற்றுநர்மேல் சற்று இரக்கம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. களத்திலிருந்த பத்துப் பேரும் பந்தையும் வளையத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோட்டுக்குள் நின்ற ஒரு காலணியைப் பார்த்தவர் ஒருவர்தான்.

2011 வந்தது. கிட்டுக்கு 38 வயது. ஆட்டத்துக்குச் சராசரி 7.9 புள்ளிதான் அவர் கணக்கில், ஆனால் 8.2 கூடைகளுக்கு அவர் கொடுத்த பந்து காரணம். நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கி என்னும் நெடிய ஜெர்மானியர். அவருக்கு எப்போது, எந்த இடத்தில், எந்தக் கைக்குப் பந்து வேண்டும் என்பதை அறிந்தவர் கிட். போர்ட்லாந்து, லாஸ் ஏஞ்சலஸ், ஓக்லகோமா என ஒவ்வொன்றாகக் கடந்து இறுதியில் மயாமியைச் சந்தித்தார்கள். மயாமியிலோ லெப்ரான் ஜேம்ஸ், டுவெயின் வேட் என்று உச்ச வலிமையிலிருந்த இளைஞர்கள். மூன்று ஆட்டம் முடிந்தபோது மயாமி 2-1 என்று முன்னணியில் இருந்தது.

அப்போது புதுப் பயிற்றுநர் ரிக் கார்லைல் செய்ததுதான் நான் புளி வணிகரிடம் இருமுறை சொன்ன செய்தி. கிட்டுக்கு மாற்றாக வருபவர் பரேயா என்னும் போர்ட்டோ ரிக்கோ இளைஞர், மிகக் குள்ளம், தேர்வுச் சுற்றுகளில் எந்தக் குழுவும் கைநீட்டி எடுக்காதவர், ஆனால் மின்னலாக ஓடுவார். நான்காம் ஆட்டத்தில் பயிற்றுநர் அவரைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். கிட்டை எடுத்துவிட்டா சேர்த்தார்? இல்லை, கிட்டின் பக்கத்திலேயே நிறுத்தினார். ஓட்டம் இவருக்கு, நோட்டம் அவருக்கு. அடுத்த மூன்று ஆட்டத்தையும் டல்லஸ் வென்றது. 2011 ஜூன் 12 அன்று மயாமியில் 105-95. டல்லஸின் முதல் வாகையர் பட்டம் அது. கிட்டுக்கும் அதுவே முதல்.

இந்த இடத்தில் திண்ணைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "இரண்டு பேரையும் சேர்த்தே ஆட விடலாம் என்கிறீர்களா?" நான் பயிற்றுநர் அல்லவே! "அதை உன் மகன் போய்க் கேட்க வேண்டும், நீ கேட்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

கதையின் இனிய பாதியை மட்டும் சொல்லி ஏமாற்றலாகாது. அதே கிட் 2012-இல் நியூயார்க் குழுவில் சேர்ந்தார். பருவத்தின் நடுவில் நாற்பது வயது நிறைந்தது. இறுதிச் சுற்றுகளின் கடைசிப் பத்து ஆட்டங்களில் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஒன்றுகூட இல்லை. 2013 ஜூனில் ஓய்வை அறிவித்தார். இரண்டே ஆண்டு இடைவெளி! 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் குழு ஸ்டீவ் நாஷ் என்னும் புகழ் பெற்ற பாயிண்ட் கார்டை 38 வயதில், பல தேர்வு உரிமைகளைக் கொடுத்து அடைந்தது. ஊரெல்லாம் பட்டம் உறுதி என்றது. இரண்டாம் ஆட்டத்திலேயே காலெலும்பு முறிந்தது. அந்தக் குழுவுக்காக அவர் ஆடியவை மொத்தம் 65 ஆட்டங்கள். 2015-இல் ஓய்வு. அங்கு யாருடைய தவறும் இல்லை. உடம்பு சம்மதிக்கவில்லை, அவ்வளவே.

கிரிக்கெட்டு அன்பர்கள் 2018-ஐ நினைவூட்டுவார்கள். இரண்டாண்டுத் தடை நீங்கித் திரும்பிய சென்னை சூப்பர் கிங்ஸ் முப்பது கடந்தவர்களாகவே பொறுக்கி எடுத்தபோது 'அப்பாக்களின் படை' என்று நகைத்தார்கள். அவ்வாண்டின் இறுதி ஆட்டத்தில் 36 வயது ஷேன் வாட்சன் 57 பந்தில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் குவித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். உண்மைதான். ஆனால் வென்ற அப்பாக்களைத்தான் நாம் நினைவில் வைக்கிறோம்.

டெவின் ஹாரிஸ் என்னவானார் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் தேடினேன். முதியவருக்காகக் கைமாற்றப்பட்ட அந்த இளைஞர், 2013-இல், முப்பது வயதில், டல்லஸுக்கே திரும்பி வந்தார். இப்போது அவர்தான் மூத்தவர். மாற்று ஆட்டக்காரராக இருந்து, இளையவர்களுக்கு வழி காட்டிப் பல ஆண்டுகள் அங்கே ஆடினார். 2008-இல் கிட்டைக் கடந்து பறந்த கிறிஸ் பாலோ, 2020 நவம்பரில், 35 வயதில், பத்தாண்டாக இறுதிச் சுற்றுகளை எட்டிப் பாராத பீனிக்ஸ் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே அதை இறுதிப் போட்டிவரை கொண்டு போனார். மில்வாக்கியிடம் 4-2 என்று தோற்றார்கள். அவர் பிறந்ததும் 1985-இல்தான், நம் அனிதாவைப் போல. கிட் 2021-இல் டல்லஸுக்குப் பயிற்றுநராகத் திரும்பி, 2024-இல் குழுவை மீண்டும் இறுதிக்குக் கொண்டு சென்றார், பாஸ்டனிடம் தோல்வி.

என் கருத்து என்னவென்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் இளைஞர்கள் மின்வாரியக்காரரை அழைத்தது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. அழைத்த முறையில் தவறு உண்டு. இரண்டு ஆண்டு பந்தைச் சுமந்த பையனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அழைத்தார்கள். ஆடுகளத்துக்குப் போய்த்தான் அவன் செய்தியை அறிந்திருக்கிறான். டல்லஸில் பணம் பேசிற்று, ஒப்பந்தம் பேசிற்று. அங்கே வருத்தத்துக்கு ஊதியம் உண்டு. பங்குக் குழுவில் ஒரு பையனுக்கு இருப்பது அவன் இடம் ஒன்றுதான். இதைக் குழுத் தலைவனிடம் நான் நேரில் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "மறந்துவிட்டோம் ஐயா" என்றான். மறதி என்று நான் நம்புகிறேன்.

மறு வாரம் மாலையில் ஆடுகளத்துப் பக்கம் நடந்து போனேன். மின்வாரியக்காரர் பயிற்சியில் இருந்தார். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். அவர் எறிந்த பந்து யாருமே இல்லாத ஒரு மூலைக்குப் போயிற்று. பையன் அங்கே ஓடி வந்து சேர்வதற்குள் பந்து வெளியே போய்ப் புளியமரத்தடியில் கிடந்தது. "அங்கே ஏன் எறிகிறீர்கள்?" என்று பையன் சினந்தான். "நீ அங்கேதான் வரவேண்டும்" என்றார் அவர். மூன்று முறை பந்து மரத்தடிக்குப் போனது. நான்காம் முறை பையனின் கை பந்தில் பட்டது, பிடிக்கவில்லை, பட்டது.

திருவிழாப் போட்டியில் எங்கள் குழு அரையிறுதியில் மூன்று புள்ளியில் தோற்றது. முற்பாதியில் மூத்தவர் ஆடினார். பிற்பாதியில் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். கடைசி ஐந்து நிமிடம் மூத்தவருக்குக் கால் பிடித்துக்கொள்ள, பையன் தனியாகக் கொண்டு சென்றான். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தது மூன்றாகக் குறைந்தது. புளி வணிகர் என் பக்கத்தில்தான் அமர்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும், "முதலிலிருந்தே இவனை விட்டிருந்தால் ஜெயித்திருப்போம், பார்த்தீர்களா ஐயா?" என்றார். இருக்கலாம். மின்வாரியக்காரர் ஓரத்தில் அமர்ந்து பனிக்கட்டியை முழங்காலில் அழுத்திக்கொண்டிருந்தார். பையன் அவர் அருகில் போய் உட்கார்ந்து கையால் தரையில் ஏதோ கோடு போட்டுக் காட்டினான். அவர் தலையசைத்து, அந்தக் கோட்டை அழித்துவிட்டு வேறொன்று போட்டார். இருட்டும் வரை அங்கேயே இருந்தார்கள். அவர் மனைவி வந்து, சோறு ஆறுகிறது என்று சொல்லி அழைத்துப் போனார்.